அரைமணி நேர அடுப்பும் ஒரு பகல் காடும்

பின்லாந்து வீடுகளில் ஆகஸ்ட் மாதம் காபியோடு முஸ்திக்கா பீராக்கா வந்துவிடும். முஸ்திக்கா என்ற காட்டுப் பழத்தை மாவின்மேல் பரப்பிச் சுடும் எளிய பலகாரம் அது. சுட அரைமணி நேரம் போதும். பழம் கொண்டுவரத்தான் பகல் முழுக்க ஆகிறது. குவோபியோ நகருக்கு வெளியே ஏரிக்கரைக் குடில் ஒன்றில் வசிக்கும், செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாளோடு நானும் பறிக்கப் போனேன்.

டப்பாவில் கிடைக்கும் புளூபெர்ரி வேறு, முஸ்திக்கா வேறு. புளூபெர்ரி தோட்டப் பயிர். 1916இல் நியூஜெர்சியிலிருந்துதான் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. கொத்தாகக் காய்க்கும், சதை வெளிறியிருக்கும். முஸ்திக்காவை யாரும் நடுவதில்லை. பைன், ஸ்ப்ரூஸ் மரங்களின் அடியில் முழங்காலுக்கும் கீழே படர்ந்த செடியில் ஒன்றிரண்டாகத் தொங்கும். உள்ளும் புறமும் கருநீலம். தின்றவரை நாக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

காடு யாருடையது என்று கேட்டேன். "யாருடையதோ! வீட்டு முற்றத்துக்குள் நுழையாத வரை எவரும் பறிக்கலாம்" என்றார். எல்லாருக்குமான உரிமை என்று அதைச் சொல்கிறார்கள். பறித்து விற்றால்கூட அந்த வருமானத்துக்கு வரி கிடையாது.

கையில் பொய்முரி என்ற கருவி. கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி. அதன் வாயில் சீப்புப் பற்கள். செடியின் அடியில் செருகி மேல்நோக்கி இழுத்தால் பழம் பெட்டிக்குள் விழும், இலையும் கூடவே விழும். வேகமாக இழுத்தால் செடி பிய்ந்துபோகும். அம்மாள் மணிக்கட்டை மட்டும் அசைத்தார். நான் தோளையே அசைத்துக்கொண்டிருந்தேன். கொசு ஒருபக்கம். மான் ஈ இன்னொருபக்கம்: தலைமுடியில் வந்து உட்கார்ந்ததும் சிறகை உதிர்த்துவிட்டு ஊர ஆரம்பிக்கும். இந்த ஈயைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் மூச்சுவிடுவதில்லை.

வீடு திரும்பியதும் சாய்வான கம்பிச் சட்டத்தில் பழத்தை உருட்டிவிட்டார். உருண்டையானது கீழே ஓடிவிட, இலையும் குச்சியும் தங்கிவிட்டன. களத்துமேட்டில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அடுப்பு வேலைக்குப் பூரிக்கட்டைகூட வேண்டாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, முட்டை ஒன்று உடைத்துவிட்டு, மைதாவும் பேக்கிங் பவுடரும் சேர்த்து, தட்டில் விரலாலேயே அழுத்திப் பரப்பினார். கொஞ்சம் ஏலக்காய்ப் பொடியும் போட்டார். நம் ஏலக்காய் ஊர்களான போடியும் இடுக்கியும் நினைவுக்கு வந்தன. இன்றைக்கு உலகச் சந்தையில் குவாத்தமாலா ஏலக்காய்தான் அதிகம் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். பழத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு மாவு பிசிறினார். சாறு வடிந்து அடிமாவு நனையாமல் இருக்க அதுதான் காவல். மேலே புளித்த கிரீம், முட்டை, சர்க்கரைக் கலவை. 200 டிகிரியில் அரைமணி நேரம். ஆறும்வரை கத்தி வைக்க விடவில்லை. சூட்டோடு வெட்டினால் எல்லாம் ஓடிவிடுமாம்.

மீதிப் பழம் குளிர்காலத்துக்காக ஃப்ரீசருக்குப் போனது. "விற்கலாமே" என்றதற்குச் சிரித்தார்: "வாங்குகிறவர்கள் கொடுக்கும் விலைக்கு என் முதுகு கட்டுப்படியாகாது."

கட்டுப்படியாகிறவர்களை மறுநாள் கொள்முதல் நிலையத்தில் பார்த்தேன். தாய்லாந்தின் வடகிழக்கே இசான் பகுதி விவசாயிகள். நாற்று நட்டுவிட்டு வந்து, அறுவடைக்குள் ஊர் திரும்புகிறவர்கள். விடியுமுன் ஒட்டரிசிச் சோற்றைக் கட்டிக்கொண்டு வேனில் கிளம்பி, மாலையில் வாளிகளைத் தராசில் வைக்கிறார்கள். பின்லாந்துக் காட்டுப்பழ வணிகத்துக்குப் போன பழத்தில் பெரும்பகுதி இவர்கள் கையால் பறித்தது. விமானச் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கடனாக இருந்தது. பழம் குறைந்தால் கடனோடுதான் ஊர் போக வேண்டியிருந்தது.

அம்மாளைக் காட்டுக்குள் தாராளமாக விட்ட அதே உரிமைதான் இவர்களுக்கு வினையாயிற்று. எவரும் பறிக்கலாம் என்பதால் பறிப்பவர் யாருடைய ஊழியராகவும் கருதப்படவில்லை. ஊழியர் அல்லாததால் கூலி உத்தரவாதமும் இருக்கவில்லை. மனிதக் கடத்தல் வழக்குகள் நீதிமன்றம் வரை போன பிறகே அரசு அசைந்தது. 2024இல் குறுகிய கால விசாவில் இவர்களை வரவழைப்பது நிறுத்தப்பட்டு, பருவகாலத் தொழிலாளராக வேலை அனுமதியோடு வரும் முறை வந்தது. முதலாளி யார் என்ற கேள்விக்கு இப்போது காகிதத்திலாவது ஒரு பெயர் இருக்கிறது. கூலி முழுதாகக் கைக்கு வந்ததா என்பதை இசானில் போய்த்தான் கேட்க வேண்டும்.