ஆறு புகுந்த மடிக்கணினி

பொருநைக் கரையில் பிறந்தவர்கள் நாம். பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் அந்த ஆற்றைக் குறைகூற நம் நா எழாது. நம் வயலை விளைவித்ததும் அதுவே. நம் தாகம் தணித்ததும் அதுவே. ஆயினும் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாள்களில் அது நம் வீடுகளுக்கு விருந்தாளியாக வரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது.

காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை! ஓராண்டில் பெய்ய வேண்டியதினும் மிகுதியாக ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது வானம். செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் வண்டி நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. நெல்லைச் சந்திப்புப் பேருந்து நிலையம் குளமாயிற்று. அதை அடுத்த மீனாட்சிபுரத்தில் நம் தங்கையின் இல்லத்திலும் இடுப்பளவு நீர்.

உயிர்கள் பிழைத்தன, அல்ஹம்துலில்லாஹ்! நீர் ஏறத் தொடங்கியதும் தங்கை முதலில் திருமறையையும் கிதாபுகளையும் பரணில் ஏற்றினாள். பிறகு அரிசி, பிறகு பத்திரங்கள், பிறகு துணிமணிகள். கட்டிலுக்கடியில் ஒரு பையில் கிடந்த மடிக்கணினியை எவரும் நினைக்கவில்லை. நீர் வடிந்து சேறு மட்டும் எஞ்சியபோதுதான் மருமகள் அதைத் தேடினாள்.

நம் மருமகள் அப்போது தமிழில் முதுகலை பயின்றுகொண்டிருந்தாள். மேலப்பாளையத்து முஸ்லிம் மூதாட்டியர் பாடும் தாலாட்டுகளே அவள் ஆய்வேட்டின் பொருள். ஆறு மாதங்களாகத் தெருத் தெருவாக நடந்து, பீடி சுற்றிக்கொண்டிருந்த உம்மாமார்களின் அருகே அமர்ந்து, கெஞ்சிக் கெஞ்சிப் பாடவைத்து, இருபத்தேழு தாலாட்டுகளைக் குரலாகவே பதிந்து வைத்திருந்தாள். அவர்களுள் ஒரு மூதாட்டி அவ்வாண்டு ரபீவுல் அவ்வல் மாதத்தில் இறையடி சேர்ந்துவிட்டார். அவர் பாடிய மூன்று தாலாட்டுகளை வேறெவரும் அறியார். அந்தக் குரல் இருந்தது அந்தக் கணினியில் மட்டுமே. படி எடுத்து வைத்தாயா என்று கேட்டோம். தலை குனிந்தாள். கேட்ட நாமும் நம் கணினியிலிருந்து எதையும் படி எடுத்து வைத்தவரல்லர்!

கைப்பேசி நீரில் விழுந்தால் அரிசிக்குள் புதைத்து வை என்பது இன்று வீட்டுக்கு வீடு சொல்லப்படும் வைத்தியம். மடிக்கணினியை மேலப்பாளையத்துக்குக் கொண்டுவந்து, நம் வீட்டு அரிசித் தகரத்தில் மூன்று நாள் புதைத்து வைத்தோம். நான்காம் நாள் எடுத்துத் துடைத்தோம். வெளியே ஈரமில்லை. மருமகள் தயங்கினாள்.

“மாமா, கடையில் ஒருமுறை காட்டிவிட்டுப் பார்க்கலாமே” என்றாள்.

நாம் கேட்கவில்லை. வயதில் மூத்தவர் என்னும் எண்ணம்; என்ன ஆகிவிடும் என்னும் துணிவு. பிஸ்மி சொல்லிச் சுவிட்சை அமுக்கினோம். ஒரு சிறு விளக்கு மின்னியது. நம் முகத்தில் புன்னகை மலர்வதற்குள் அது அணைந்தது. கருகிய வாடை மெல்ல எழுந்தது. மருமகள் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் நம்மை இன்றும் சுடுகிறது.

கடைக்குக் கொண்டு செல்ல நாம் தயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் கணினியை ஒரு கடையில் பழுது பார்க்கக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது அதன் வேகம் பாதியாகியிருந்தது. உள்ளிருந்த நினைவகத் தகடுகள் இரண்டில் ஒன்று இல்லை! கேட்டபோது, வந்ததே அப்படித்தான் என்றார்கள். சாட்சி ஏது? அன்று போனது ஒரு தகடு மட்டுமன்று, நம் நம்பிக்கையும்தான். வீட்டுப் பெண்களின் நிழற்படங்கள் நிறைந்த பெட்டியை அந்நியர் கையில் கொடுப்பதா என்று அன்றுமுதல் அஞ்சியிருந்தோம். ஆனால் இப்போது அஞ்சி என்ன பயன்? மேலப்பாளையம் கடைவீதியில் ஒரு மாடியறையில் பழுது பார்க்கும் இளைஞரிடம் சென்றோம்.

ஸலாம் சொல்லி அமர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “நனைந்த பிறகு சுவிட்சைப் போட்டீர்களா, சாச்சா?”

உண்மையைச் சொன்னோம். அவர் பெருமூச்செறிந்தார், கடிந்துகொள்ளவில்லை.

“என் வாப்பா தறி நெய்தவர்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் முதலில் மிதியை நிறுத்துவார்கள். அறுந்த இழையைத் தேடுவது அதற்குப் பிறகுதான். நிறுத்தாமல் நெய்தால் துணியே பழுதாகிவிடும். இதற்கும் அதே சட்டம்தான், சாச்சா” என்றார்.

மேலப்பாளையம் ஒரு காலத்தில் தெருவெல்லாம் தறியோசை கேட்ட ஊர். அந்த ஓசை அடங்கிய இடத்தில் நெசவாளியின் மகன் கணினியைப் பிரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பது நமக்கு விந்தையாகத் தோன்றவில்லை. தறிக்கும் கணினிக்கும் உறவு பழையது. 1804இல் பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளின் கட்டளைப்படி பூவேலை நெய்யும் தறி ஒன்றை அமைத்தார். அந்த அட்டைகளையே பின்னர் ஆங்கில நாட்டுப் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்தில் கையாண்டார். அப்பாஸியர் காலத்துப் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரோ, இன்று கணினிக்கு இடும் கட்டளை வரிசையின் பெயராகவே உலகமெங்கும் வழங்குகிறது. நம் இல்லங்களுக்கு இது அந்நியக் கலையன்று.

இளைஞர் அடிப்பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எது எந்தத் துளைக்குரியது என்பது மாறாதிருக்க, ஒரு தாளில் கணினியின் வடிவை வரைந்து, அவ்வவ்விடத்தில் திருகுகளை ஒட்டி வைத்தார். மூடி திறந்தது. உள்ளே நம் பொருநையின் வண்டல்! அரிசி வெளியீரத்தை வேண்டுமானால் உறிஞ்சியிருக்கும். உள்ளே இருந்த சேற்றை அது என்ன செய்யும்? காற்றாடியின் இதழ்களுக்கிடையே நம் வீட்டு அரிசி மணிகள் இரண்டு சிக்கியிருந்ததுதான் மிச்சம்.

முதலில் அவர் மின்கலத்தின் இணைப்பைப் பிரித்தார். அடுத்து, கணினியின் கடிகாரத்தை ஓடவைக்கும் நாணயம் போன்ற மூன்று வோல்ட் சிறு மின்கலத்தை எடுத்தார். பிறகுதான் பேசினார்.

தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்துவதில்லை. வெள்ள நீரோ உப்பும் மண்ணும் சாக்கடையும் கரைந்த நீர். சுவிட்சைத் தொடாவிட்டாலும் மின்கலம் தாய்ப்பலகைக்குச் சிறிது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். மின்னழுத்தமுள்ள இரு செப்புத் தடங்களுக்கிடையே அந்த நீர் நின்றால் செப்பு அரித்துப் பச்சைக் களிம்பாகிறது. ஆகவே நனைந்தவுடன் செய்ய வேண்டியது, மின்சாரத்தின் வழிகளையெல்லாம் அடைப்பது. அதன்பின் செய்ய வேண்டியதைக் கேட்டால் வியப்பீர்கள். கழுவ வேண்டும்! சேறு காய்ந்து இறுகுமுன் காய்ச்சி வடித்த நீரில் பலகையைக் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த மென்தூரிகையால் தேய்த்து, நன்றாக உலர்த்த வேண்டும். நீரில் மூழ்கிய லித்தியம் மின்கலத்தை மீண்டும் மின்னேற்றவே கூடாது, தீப்பற்றும். உப்பிய மின்கலத்தைக் குத்துவதும் அழுத்துவதும் உயிருக்கே ஆபத்து.

உலர்த்திய பலகையை இரண்டு நாள் கழித்துச் சோதித்தார். நாமும் அருகிருந்தோம். சோதனைக்கு ஓர் ஒழுங்கு இருப்பதை அன்று கண்டோம். வெள்ளத்தில் நனையாமலே இயங்க மறுக்கும் கணினிக்கும் அதே ஒழுங்குதான். முதலில் மின்னேற்றி: மீட்டரை வைத்தால் பெரும்பாலானவற்றில் 19 வோல்ட்டோ அதையொட்டியோ காட்ட வேண்டும். அது சரியென்றால் மின்னேற்றியையும் மின்கலத்தையும் பிரித்துவிட்டு, சுவிட்சை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்து, எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றிப் பார்க்க வேண்டும். அடுத்து நினைவகத் தகடு: கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்தினாலே பல கணினிகள் எழுந்துவிடுகின்றனவாம். விளக்கெரிந்தும் திரை இருண்டிருந்தால் கைவிளக்கைத் திரைமீது சாய்த்துப் பிடிக்க வேண்டும். மங்கலாகப் படம் தெரிந்தால் பழுது திரையின் பின்னொளியில் என்று பொருள். எளியதிலிருந்து அரியதற்கு, வெளியிலிருந்து உள்ளுக்கு. நல்ல ஹக்கீம் நாடி பார்ப்பது போன்றது அது. காணாத நோய்க்கு மருந்து தருவதில்லை.

நம் கணினியில் நோய் உள்ளேதான் இருந்தது. மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் சில்லு எரிந்து, அதன் கீழிருந்த தடங்களும் கருகியிருந்தன. பூதக் கண்ணாடியில் காட்டினார்.

“சுவிட்சைப் போடாதிருந்தால் இதை எழுப்பிப் பார்த்திருக்கலாம். இனி முடியாது, சாச்சா” என்றார்.

நம் கண்கள் மருமகளின் பக்கம் திரும்ப அஞ்சின.

“ஆனால் தாலாட்டுகள் இதில் இல்லையே!” என்றார் அவர். பலகையிலிருந்து ஒரு விரல் அகலமும் ஒரு விரல் நீளமுமான சிறு தகட்டைக் கழற்றிக் காட்டினார். சேமிப்பெல்லாம் இருப்பது அதில்தான். பழைய வகை வட்டாக இருந்தால் அதன் காற்றுத் துளை வழியே சேறு புகுந்து, சுழலும் தட்டையே கெடுத்திருக்கலாம். இதில் சுழல்வது எதுவுமில்லை. அதைத் தனியே கழுவி உலர்த்தி ஒரு சிறு உறைப்பெட்டியில் பொருத்தித் தம் கணினியோடு இணைத்தார். சில நொடிகள் கடந்தன. திரையில் கடவுச்சொல் கேட்டு ஒரு கட்டம் தோன்றியது.

அப்போது அந்த இளைஞர் செய்ததைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினோம். கடவுச்சொல் என்னவென்று அவர் கேட்கவில்லை. நாற்காலியைவிட்டு எழுந்தார். “நீங்களே தட்டுங்கள், தங்கச்சி. நீங்களே திறந்து பாருங்கள்” என்று சொல்லிவிட்டுச் சுவரை நோக்கித் திரும்பி நின்றுகொண்டார்.

மருமகள் தட்டினாள். ஒரு கோப்பைத் திறந்தாள். இரைச்சலோடு இரைச்சலாக, பீடித் தட்டு உரசும் ஓசைக்கிடையே, மறைந்த அந்த மூதாட்டியின் குரல் எழுந்தது. மாடியறை முழுதும் அமைதி. சுவரைப் பார்த்து நின்ற இளைஞரின் தோள்கள் குலுங்கியதைக் கண்டோம். அவரும் அந்தத் தெருவில் வளர்ந்த பிள்ளைதானே!

படியெடுத்து முடிந்ததும், அவள் கண்முன்னே தம் கணினியில் எதுவும் தங்கவில்லை என்பதைக் காட்டினார். கழற்றிய ஒவ்வொரு பகுதியையும், எரிந்த பலகை உட்பட, எண்ணி ஒப்படைத்தார். உறைப்பெட்டிக்கு 900 ரூபாய், கழுவிய கூலி 300. “பலகையை எழுப்ப முடியவில்லை. அதற்குக் கூலி எடுப்பது எனக்கு ஹலால் ஆகாது” என்றார்.

நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள், ஆடையின் கிழிசலைத் தாமே ஒட்டிட்டுக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் பலமுறை மேடையில் பேசியிருக்கிறோம். பழுது பார்ப்பது தாழ்ந்த தொழிலன்று என்பதற்கு அதனினும் சான்று வேண்டா. ஆனால் அன்று நம் நெஞ்சில் நின்றது வேறொரு வரலாறு. மக்கத்துக் குறைஷிகள் பெருமானாரைப் பகைத்தனர், ஊரைவிட்டே துரத்தினர். ஆயினும் தம் விலையுயர்ந்த பொருள்களை அவர்களிடமே அடைக்கலமாக வைத்திருந்தனர். உயிருக்கு ஆபத்து சூழ்ந்த ஹிஜ்ரத் இரவிலும், அவற்றை உரியவரிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டுத்தான் பெருமானார் புறப்பட்டார்கள். அமானிதம் என்னும் சொல்லுக்கு நாம் மிம்பரின் கீழ் அமர்ந்து கேட்ட விளக்கம் அது. மேலப்பாளையத்து மாடியறையில், சுவரை நோக்கி நின்ற முதுகில் கண்ட விளக்கம் இது.

இன்று வரும் மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். மின்கலத்தைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். பழுதானால் தூக்கி எறி என்பதே அதன் உட்பொருள். பழுது பார்க்கும் உரிமைக்கு வழிவகுக்க ஒன்றிய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. மின்னணுக் கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. சட்டங்கள் வரட்டும், நல்லதே. ஆனால் சட்டத்தால் ஒருவரைச் சுவரை நோக்கித் திருப்பி நிறுத்திவிட முடியாது. அதற்கு உள்ளத்தில் இறையச்சம் வேண்டும்.

ஆய்வேடு 2024இல் நிறைவெய்தியது. அந்த இருபத்தேழு தாலாட்டுகளும் இன்று மூன்று படிகளாக மூன்று ஊர்களில் இருக்கின்றன. அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் வாப்பாவின் குரலோ, உம்மாவின் நிழற்படமோ, பிள்ளையின் படிப்போ ஒரே பெட்டிக்குள் அடைந்து கிடக்கலாம். இன்றே ஒரு படி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஆறு நாள் குறித்துவிட்டு வருவதில்லை.

எரிந்த பலகையை நாம் எறியவில்லை. எழுதும் மேசையில் வைத்திருக்கிறோம். அதன்மீது மிளகளவு ஒரு கரும்புள்ளி. பார்ப்பவர்கள் வெள்ளம் செய்த வேலை என்று எண்ணுகிறார்கள். அன்று; அது நம் கட்டைவிரல் இட்ட புள்ளி.