ஏழு வாசல்களும் ஒரு சாவியும்

 

மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒருவன், இணையதளம் அமைக்கும் மென்பொருளைப் பற்றி எழுத முன்வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். நான் கணினித் துறையில் பயின்றவன் அல்லன். வரலாறு படித்துக் கலைப் பட்டம் பெற்றவன். ஆயினும், எங்கள் ஊருக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவு என்னை இத்துறைக்குள் இழுத்து வந்துவிட்டது. அதில் நான் செய்த தவறுகளையும், அவற்றால் கற்ற பாடங்களையும் உங்கள் முன் வைத்தால் வேறோர் ஊர் ஜமாஅத்திற்கேனும் பயன்படும் என்னும் எண்ணத்தாலேயே இதனை எழுதுகின்றேன்.

ஒரு தொலைபேசி அழைப்பு

எங்கள் மஹல்லாவில் பள்ளிவாசல், ஆண் பிள்ளைகள் மத்ரஸா, பெண்கள் மத்ரஸா, மழலையர் பள்ளி, நூலகம், பைத்துல்மால், முன்னாள் மாணவர் மன்றம் என ஏழு அமைப்புகள் உள்ளன. 2015ஆம் ஆண்டு தொடங்கி, ஆர்வமுள்ள இளைஞர்கள் ஒவ்வோர் அமைப்பிற்கும் ஓர் இணையதளம் அமைத்துத் தந்தார்கள். ஒருவர் ஒரு மென்பொருளில் அமைத்தார். மற்றவர் வேறொன்றில் அமைத்தார். பின்னர் ஒருவர்பின் ஒருவராக வேலை தேடி வளைகுடா நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். தளங்கள் ஊரில் இருந்தன. சாவிகள் கடல் கடந்து போய்விட்டன.

2021ஆம் ஆண்டில் ஒரு நாள், வெளியூர்ச் சகோதரர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தம் மகளைப் பெண்கள் மத்ரஸாவில் சேர்க்க விரும்பி, முகவரி அறிய இணையத்தைப் பார்த்திருக்கிறார். “ஹஜ்ரத், உங்கள் மத்ரஸாவின் பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறதே! இது எப்படி?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, தயக்கம்தான் இருந்தது. அந்தத் தயக்கமே என்னை அதிகம் சுட்டது.

விசாரித்ததில் உண்மை தெரிந்தது. இணையதளத்தின் பெயர் நாம் விலைக்கு வாங்கும் சொத்து அன்று. குறித்த காலத்திற்கு வாடகை செலுத்திப் பெறும் உரிமை மட்டுமே. தவணை முடியும்போது புதுப்பிக்காவிட்டால், சில வாரங்கள் அவகாசம் தந்தபின் அப்பெயர் சந்தைக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எங்களுக்கு வந்த நினைவூட்டல்கள் அனைத்தும், அத்தளத்தை அமைத்த தம்பி கல்லூரிக் காலத்தில் வைத்திருந்து பின்னர் கைவிட்ட மின்னஞ்சலுக்குச் சென்றுகொண்டிருந்தன. அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஊதியமின்றி உழைத்துக் கொடுத்தவர் அவர். கேட்டு வாங்கிப் பாதுகாக்கத் தவறியவர்கள் நாங்கள். அப்பெயரை இன்றளவும் எங்களால் மீட்க இயலவில்லை.

அவ்வாரம் கூடிய நிர்வாகக் குழுவில் முத்தவல்லி என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஹஜ்ரத், நீங்கள் பட்டம் படித்தவர். ஏழையும் நீங்களே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, நீங்கள் இல்லாத நாளிலும் இது நடக்கவேண்டும்.”

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்த இறுதி வாக்கியத்தைக் காட்டிலும் சிறந்த அளவுகோலை இன்றுவரை நான் கண்டதில்லை.

எது எளிது?

எளிய மென்பொருள் எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். யாருக்கு எளிது, எந்த நாளில் எளிது என்று கேட்பவர் குறைவு. தளத்தைத் தொடங்கும் நாளில் எல்லாமே எளிதாகத்தான் தோன்றும். மூன்றாம் ஆண்டில், வேறொருவர் கையில், அது எளிதாக இருக்கிறதா என்பதே கேள்வி.

எங்கள் மத்ரஸாவில் ஓதி, பின்னர் பொறியியல் பயின்ற மாணவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். இருவரும் அமர்ந்து நான்கு வழிகளை ஆராய்ந்தோம்.

முதலாவது, மாதச் சந்தா பெற்றுக்கொண்டு எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ளும் நிறுவனங்கள். படங்களை இழுத்துப் பொருத்தினால் பக்கம் அமைந்துவிடும். ஒரு தளம் போதுமென்பவர்க்கு இது நல்ல வழிதான். ஆனால் பல நிறுவனங்களில் ஒவ்வொரு தளத்திற்கும் தனித்தனிச் சந்தா. ஏழு தளங்களுக்கு எங்கள் ஜமாஅத் தாங்காது. மேலும், அங்கிருந்து வெளியேற நினைத்தால் எழுத்தை எடுத்துச் செல்லலாமே தவிர, அமைப்பை அப்படியே எடுத்துச் செல்ல இயலாது.

இரண்டாவது, இலவச சேவைகள். இவற்றில் செலவில்லை, ஆயின் உரிமையும் இல்லை. ஒரு காலத்தில் கோடிக்கணக்கான பக்கங்களுக்கு இடமளித்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டதை வரலாறு படித்தவன் எளிதில் மறக்கமாட்டான். கூகுள் சைட்ஸ் சேவையும் தன் பழைய வடிவத்தைக் கைவிட்டுப் புதிய வடிவத்திற்கு மாறிக்கொள்ளச் சொன்னது. பிறர் நிலத்தில் குடிசை போட்டவன், நில உரிமையாளர் சொல்லும்போது எழுந்துதானே ஆகவேண்டும்!

மூன்றாவது, எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையளிக்கும் கட்டற்ற மென்பொருள்கள். 2001இல் வெளிவந்த துரூபால், 2003இல் வெளிவந்த வேர்டுபிரஸ், 2005இல் வெளிவந்த ஜூம்லா ஆகிய மூன்றும் இவ்வகையின. துரூபால் ஆற்றல் மிக்கது. ஆனால் அறிந்தவர் கை வேண்டும். ஜூம்லா இடைப்பட்டது. வேர்டுபிரஸ் உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேல் இயக்குகிறது. அதன் சிறப்பைவிட அதன் பரவலே எங்களைக் கவர்ந்தது. நாளை நான் இல்லாவிட்டாலும், பக்கத்து ஊரிலேனும் அதை அறிந்த ஓர் இளைஞர் கிடைப்பார் அல்லவா?

நான்காவது, தரவுத்தளம் எதுவுமின்றி எழுதி வைத்தபடியே நிற்கும் நிலைப்பக்கங்கள். இதனை அப்போது நாங்கள் ஏளனமாக ஒதுக்கிவிட்டோம். அது பிழை என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

ஒரே கூரையின் கீழ்

வேர்டுபிரஸில் ஏழு தளங்களையும் தனித்தனியே நிறுவினோம். சில மாதங்களில் நான் களைத்துப்போனேன். மென்பொருளுக்கு அவ்வப்போது புதிய பதிப்பு வரும். தோற்றத்தைத் தரும் தீமுக்கு வரும். பிளகின் எனப்படும் துணை மென்பொருள்களுக்கும் வரும். இவற்றைப் புதுப்பிக்காமல் விட்டால் தீயவர் நுழைய வழி திறந்திருக்கும். ஒரே வேலையை ஏழு முறை செய்யவேண்டும். மத்ரஸாவின் விடுமுறையான வெள்ளிக்கிழமைக் காலை முழுவதும் இதிலேயே கழிந்தது.

அப்போது மாணவர் ஒரு வழி சொன்னார். “உஸ்தாத், இதில் மல்டிசைட் என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு நிறுவலுக்குள் பல தளங்களை வைத்துக்கொள்ளலாம்” என்றார். தனி மென்பொருளாக இருந்த இவ்வசதி, 2010இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் வேர்டுபிரஸுடன் இணைக்கப்பட்டதாம்.

இதன் அமைப்பை ஒரு வளாகத்திற்கு ஒப்பிடலாம். அடித்தளமும் கூரையும் ஒன்று, அறைகள் பல. மென்பொருளையும் பிளகினையும் ஒருமுறை புதுப்பித்தால் ஏழிற்கும் போதும். நூலகப் பொறுப்பாளர் தம் அறைக்குள் மட்டும் எழுதலாம், திருத்தலாம். புதிய பிளகினைக் கொண்டுவந்து நிறுவும் அதிகாரம் வளாகத்தின் மேலாளருக்கு மட்டுமே உண்டு. ஏழு பெயர்களுக்கு வாடகை கட்டுவதற்குப் பதில் ஒரே பெயரை வாங்கி, அதன் கிளைகளாக ஏழையும் அமைத்துக்கொண்டோம். புதுப்பிக்க மறந்துபோகும் ஆபத்து ஏழிலிருந்து ஒன்றாகக் குறைந்தது.

பழைய பக்கங்களை மாற்றும்போது வேறொரு தொல்லை வந்தது. நூலகத் தளத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்த கட்டுரைகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்த் தெரிந்தன. அனைத்தையும் யூனிகோடிற்கு மாற்றினோம். தமிழ்ப் பத்தியினிடையே அரபு வாசகம் வருமிடத்தில் நிறுத்தக்குறிகள் திசை மாறி நின்றன. அரபியைத் தனிப் பத்தியாக்கி, வலமிருந்து இடமாக என்று குறித்தபின் அது சரியாயிற்று. தமிழில் வெளியிடும் எவரும் முதல் நாளே கவனிக்கவேண்டியவை இவை இரண்டும்.

நான் செய்த தவறு

2023ஆம் ஆண்டு ரமளானுக்கு இரண்டு நாட்களே இருந்தன. ஸஹர், இஃப்தார் நேரங்களைக் காட்டும் பிளகினுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. நோன்பு தொடங்குமுன் முடித்துவிடுவோம் என்று, இரவு இஷாத் தொழுகைக்குப்பின் அமர்ந்து பொத்தானை அழுத்தினேன். முன்னதாக நகல் எடுத்து வைக்கவில்லை. ஓராண்டாய் ஒன்றும் நேராததால் மனம் துணிந்துவிட்டது.

ஏழு தளங்களும் ஒருசேர மறைந்தன. வெள்ளைத் திரையில், பிழை நேர்ந்துள்ளது என்னும் ஒற்றை வரி மட்டுமே இருந்தது. உள்ளே நுழையும் வழியும் அடைபட்டுப்போயிற்று. மாணவர் பயணத்தில் இருந்தார், தொடர்பு கிடைக்கவில்லை. தொலைபேசி ஒலித்தவண்ணம் இருந்தது. “நேர அட்டவணை எங்கே?” என்று கேட்டவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்திருந்தேன்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் மாணவர் அழைத்தார். தளத்தின் கோப்புகள் இருக்கும் இடத்திற்குச் சென்று, அந்தப் பிளகின் கோப்புறையின் பெயரை மாற்றச் சொன்னார். மாற்றினேன். பிளகின் தன்னால் செயலிழந்தது. ஏழு தளங்களும் மீண்டன. இரண்டே நிமிட வேலை! ஆனால் அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நோன்பு தொடங்கிய பின் இது நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் உள்ளம் நடுங்குகிறது.

ஒரே சாவியால் ஏழு வாசல்களைத் திறக்க முடிந்தால், ஒரே தவற்றால் ஏழும் அடைபடவும் கூடும். மல்டிசைட்டின் நன்மையும் தீமையும் ஒரே இடத்தில் பிறப்பவை. இதனை எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

மாறுவதும் மாறாததும்

அதன்பின் ஒவ்வொரு தளத்தையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டோம்: இது எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது?

தொழுகை நேரங்கள் சூரியனின் நிலையைச் சார்ந்தவை. ஆங்கிலத் தேதியைக் கொண்டு பார்த்தால் ஆண்டுதோறும் ஏறத்தாழ அவையேதான் திரும்ப வருகின்றன. அப்படியிருக்க அதற்குப் பிளகின் எதற்கு? தரவுத்தளம் எதற்கு? ஆண்டிற்கான அட்டவணையை எழுதி, வேறொரு நிறுவனத்தின் இடத்தில் நிலைப்பக்கமாக வைத்துவிட்டோம். புதுப்பிக்கும் பொத்தானே இல்லாத பக்கத்தை நான் எப்படிக் கெடுக்க முடியும்!

அடுத்தது பைத்துல்மால். அதைத் திறந்து பார்த்தபோதுதான் பெரும் அதிர்ச்சி காத்திருந்தது. உதவி பெற்ற கைம்பெண்களின் பெயர்களும் தெருக்களும் தொகைகளும் வரிசையாக இருந்தன. கணக்கு வெளிப்படையாக இருக்கவேண்டும் என்னும் நல்லெண்ணத்தில்தான் அவ்வாறு செய்திருக்கிறார்கள். ஆனால், வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருப்பதைச் சிறப்பாகப் போற்றும் மார்க்கம் நம்முடையது. வறுமையை உலகம் முழுவதும் காணும்படி எழுதி வைப்பது எவ்வளவு பெரிய துன்பம்! அன்றே அனைத்தையும் நீக்கினோம். இப்போது வரவு, செலவு, பயன் பெற்றோர் எண்ணிக்கை ஆகிய மூன்று மட்டும் ஆண்டிற்கு இருமுறை நிலைப்பக்கமாக வெளியாகின்றன. பெயர்கள் பதிவேட்டில், பூட்டிய அலமாரியில் உள்ளன. எந்த மென்பொருள் என்று யோசித்த நாங்கள், எதைப் போடவேண்டும் என்று யோசிக்க இவ்வளவு காலம் ஆயிற்றே என்று வெட்கினேன்.

மீதமுள்ள ஐந்தும் அடிக்கடி மாறுபவை. அவை ஒரே கூரையின் கீழ் நலமாக இருக்கின்றன.

நிர்வாகிகளுக்குச் சில சொற்கள்

பல சிறு தளங்களை நடத்தும் ஜமாஅத் நிர்வாகிகளே! தளத்தின் பெயர் தனி ஒருவர் பெயரில் இருக்கவேண்டாம். ஜமாஅத்தின் பெயரில், ஜமாஅத்திற்கென்றே உள்ள மின்னஞ்சலில் இருக்கட்டும். டாட் காம் போன்ற பெயர்களைப் பத்தாண்டுகள் வரை ஒரே முறையில் பதிவு செய்ய இயலும். வசதியுள்ளபோது சில ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். கோப்புகள், தரவுத்தளம் ஆகிய இரண்டையும் வாரந்தோறும் நகல் எடுத்து, தளம் இருக்கும் இடத்திற்கு வெளியே வையுங்கள். நகலிலிருந்து ஒருமுறையேனும் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நம்புவதற்கில்லை. பண்டிகைக் காலத்திற்கு முந்திய நாட்களில் எதையும் புதுப்பிக்காதீர்கள். பிளகின்களைக் குறைவாக வையுங்கள்.

இறுதியாக, கடவுச்சொற்களை எழுதி வையுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். மனித நினைவையும் மனித ஆயுளையும் நம்பிப் பொதுச் சொத்தை விட்டுவிடலாகாது. எங்கள் ஊரில் எல்லாக் கடவுச்சொற்களும், புதுப்பிக்கும் தேதிகளும், பிழை நேர்ந்தால் செய்யவேண்டியவையும் நான்கு பக்கங்களில் தமிழில் எழுதப்பட்டு, முத்திரையிட்ட உறையில், நிக்காஹ் பதிவேடு இருக்கும் பீரோவிலேயே வைக்கப்பட்டுள்ளன. என்னோடு மேலும் இருவர் இப்பணியைக் கற்றிருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் பெண்கள் மத்ரஸாவின் ஆசிரியை. அப்பணியில் இன்று என்னைக் காட்டிலும் தேர்ந்தவர்.

சென்ற ஆண்டு நான் பத்து நாட்கள் நோயுற்றுப் படுத்திருந்தேன். எழுந்து வந்து பார்த்தபோது, புதிய மாணவர் சேர்க்கை அறிவிப்பு அழகாக வெளியாகியிருந்தது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றுதான் முத்தவல்லி கேட்டதை நிறைவேற்றிவிட்டதாக உணர்ந்தேன். அல்ஹம்துலில்லாஹ்!

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை, நமக்குப் பின் வருவோரிடம் பழுதின்றிச் சேர்ப்பிக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.