டேப் விசைக்குப் பதில் சொல்வது யார்?

திங்கள்

டேப் விசை எதிர்பாராத விதமாக நடந்துகொண்டால் பழி முதலில் ஷெல்லின் தலையில்தான் விழுகிறது. பெரும்பாலும் அது வீண்பழி. அடைவில் 'ரிப்போர்ட்' என்றொரு கோப்பு இருக்கிறது. பெயரில் நீட்டிப்பு கிடையாது. எல்எஸ் அதைக் காட்டுகிறது. ஃபைல் கட்டளையிடம் கேட்டால், உள்ளே இருப்பது ஜிப் என்கிறது. ஆனால் பேஷ் ஷெல்லில் அன்ஸிப் என்று தட்டி, பெயரின் முதல் சில எழுத்துகளோடு டேப்பை அழுத்தினால் எதுவும் வருவதில்லை. முழுப் பெயரையும் கையால் அடித்துக் கொடுத்தாலோ அன்ஸிப் மறுபேச்சில்லாமல் பிரித்துத் தருகிறது. கோப்பிலும் பழுதில்லை, கட்டளையிலும் பழுதில்லை என்றால் வடிகட்டல் இடையில் நடக்கிறது. 2000-இல் வந்த பேஷ் 2.04 முதல், எந்தக் கட்டளைக்கு எதை நிரப்பலாம் என்று தனித்தனியாக விதி எழுதிவைக்க முடிகிறது. பேஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பில் அப்படிப்பட்ட விதிகள் ஏராளம். அன்ஸிப்புக்கான விதி கோப்பின் உள்ளே பார்ப்பதில்லை. பெயரின் வாலைப் பார்க்கிறது. உள்ளே ஜிப்பாகவே இருக்கும் ஈபப், ஏபிகே, டாக்எக்ஸ் ஆகியவையும் அதன் பட்டியலில் ஏறியிருக்கின்றன. பட்டியல் எவ்வளவு நீண்டாலும் வாலில்லாத கோப்புக்கு அதில் இடமில்லை.

புதன்

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'டேப் ஏன் வேலை செய்யவில்லை' என்பதல்ல. 'பதில் சொன்னது யார்' என்பது. பேஷில் இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. டேப்புக்குப் பதிலாக ஆல்ட் விசையோடு முன்சாய்கோட்டை அழுத்தினால், கட்டளைக்குரிய விதியை ஒதுக்கிவிட்டு, வெறும் கோப்புப் பெயராக நிரப்பும். அப்போது பெயர் வந்துவிட்டால் குற்றவாளி விதிதான். 'கம்ப்ளீட் -பி' என்று அடித்து, பக்கத்தில் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அந்த விதி எதுவென்று தெரிந்துவிடும். பல விதிகள் முதல் டேப்பின்போதுதான் ஏற்றப்படுகின்றன. அதனால் ஒருமுறை டேப்பை அழுத்திய பிறகு பார்ப்பது நல்லது. ஷெல்லே தவறு செய்த சந்தர்ப்பமும் உண்டு. 2011-இல் வெளியான பேஷ் 4.2-இல் டாலர் குறியோடு ஹோம் மாறியைத் தட்டி டேப்பை அழுத்தினால், டாலருக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு வந்து ஒட்டிக்கொள்ளும். மாறி வெறும் எழுத்தாகிவிடும். பின்னால் வந்த திருத்தம் 'டைர்எக்ஸ்பாண்ட்' என்ற விருப்பத்தைக் கொண்டுவந்தது. அங்கே எந்தக் கட்டளையின் விதியைத் திருத்தியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. பதில் சொன்னவர் யார் என்று தெரியாமல் அமைப்புக் கோப்புகளை நோண்டுவது வீண்வேலை என்பதற்கு இதுவே சான்று.

வெள்ளி

வடிகட்டுவது வசதிதானே என்று கேட்கலாம். நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே ஜிப்பை மட்டும் காட்டுவது நேரத்தை மிச்சப்படுத்துகிறது, உண்மைதான். ஆனால் டேப்பின் மௌனத்தை வைத்து, கோப்பே இல்லையா, இருந்தும் விதிக்குப் பிடிக்கவில்லையா என்று சொல்ல முடியாது. எதுவும் கிடைக்காதபோது எல்லாக் கோப்புகளையும் காட்டச் சொல்லி அமைத்துக்கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். அதற்கு வழி உண்டு. ஆனால் ஒன்றுமே பொருந்தாதபோதுதான் அது உதவும். அதே அடைவில் 'ரிப்போர்ட்.ஜிப்' என்ற பழைய கோப்பும் கிடந்தால் டேப் அதை முழுதாக நிரப்பி, இடைவெளியும் விட்டு, வேறொன்று இல்லவே இல்லை என்பதுபோல் நிற்கும். மௌனமாவது சந்தேகத்தைக் கிளப்பும். இந்தத் தவறான உறுதி அதையும் செய்யாது. அப்படியானால் எல்லா விதிகளையும் தூக்கிவிடலாமா? கூடாது. கிட்டின் விதி கிளைப் பெயர்களைக் கிட்டிடமே கேட்டுச் சொல்கிறது. அதைக் கழற்றினால் நஷ்டம் நமக்குத்தான். கேட்டுச் சொல்லும் விதியும் பெயரைப் பார்த்து ஊகிக்கும் விதியும் ஒன்றல்ல. முன்னதை வைத்துக்கொண்டு, தொல்லை தரும் பின்னதை மட்டும் கட்டளைவாரியாக மாற்றினால் போதும். பேஷ்ஆர்சியில், பேஷ்-கம்ப்ளீஷனை ஏற்றும் வரிக்குக் கீழே, 'கம்ப்ளீட் -ஓ டிஃபால்ட் அன்ஸிப்' என்று ஒரு வரி சேர்த்தால் அன்ஸிப்புக்கு எல்லாக் கோப்புகளும் வரும். ஜிப்பல்லாத கோப்பைத் தவறிக் கொடுத்தால் அன்ஸிப்பே சொல்லிவிடும்; அதைச் சோதிக்க வேண்டிய இடமும் அதுதான்.