பாலையில் ஒரு பகல்

தமிழ் இலக்கணம் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்வை உரிமையாக்கியது. குறிஞ்சிக்குக் கூடல், பாலைக்குப் பிரிவு. பொருள் தேடிச் செல்லும் தலைவன் பாலையைக் கடந்து சென்றான். பொருள் அதற்கு அப்பால் எங்கோ இருந்தது. நம் காலத்தில் பொருளே பாலையில் வந்து குடியேறிவிட்டது. ஆயினும் பிரிவு அந்நிலத்தை விட்டு நீங்கவில்லை. துபாய் நகரில் ஒரு பகற்பொழுதைக் கழிக்க நேர்ந்தபோது இதைக் கண்ணாரக் கண்டோம்.

2025ஆம் ஆண்டு திருஅவையின் யூபிலி ஆண்டு. 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்னும் விருதுவாக்கோடு உலகெங்குமிருந்து இறைமக்கள் உரோமைக்குச் சென்றனர். ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலிலிருந்து நாங்கள் இருவரும், கணவனும் மனைவியுமாக, அவ்வாண்டு நவம்பரில் புறப்பட்டோம். சென்னையில் ஏறிய விமானம் எங்களைத் துபாயில் இறக்கியது. உரோமை விமானத்துக்குப் பதினான்கு மணி நேரம் இருந்தது. வழிப்பயண விசா கையில் இருந்ததால் ஊரைச் சுற்றிப் பார்க்கத் தடையில்லை.

எங்கள் கைப்பையில் ஒரு பொட்டலமும் இருந்தது. எங்கள் தெருவில் வாழும் தாய் ஒருவர், அந்நகரில் கட்டட வேலை செய்யும் தம் மகனுக்குக் கொடுத்தனுப்பிய சாமை முறுக்கும் மலைப்புளியும் அதில் இருந்தன. அவற்றோடு மூன்று கேள்விகளையும் அவர் கொடுத்தனுப்பியிருந்தார். வேளைக்குச் சாப்பிடுகிறானா? மெலிந்துபோயிருக்கிறானா? கோயிலுக்குப் போகிறானா? மகன் ஊரை விட்டுச் சென்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மாலையில் வேலை முடிந்த பிறகே அவரைச் சந்திக்க இயலும் என்பதால், அதுவரை நகரைப் பார்க்கப் புறப்பட்டோம்.

துபாயின் மெட்ரோ இரயில் 2009இல் தொடங்கப்பட்டது. ஓட்டுநர் இன்றியே ஓடுகிறது. அதில் ஏறி புர்ஜ் கலீஃபா கோபுரத்தை அடைந்தோம். 2010 ஜனவரி 4 அன்று திறக்கப்பட்ட இக்கோபுரத்தின் உயரம் 828 மீட்டர்; மனிதர் கட்டி முடித்தவற்றுள் இதனினும் உயர்ந்தது வேறில்லை. மின்தூக்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எங்களை 124ஆம் தளத்தில் சேர்த்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல், இடையே ஒளி வீசும் கட்டடங்கள். ஆறு ஓடாத ஊர் அது. கடல்நீரின் உப்பை நீக்கியே குடிநீர் பெறுகின்றனர். அப்படிப்பட்ட இடத்தில் 38 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ வழி செய்திருப்பது மனித அறிவின் மாட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வுயரத்திலிருந்து மனித முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. பாலைநிலத்தில் நம் ஆண்டவரைச் சோதித்தவன் அவரை உயர்ந்த மலைக்குக் கொண்டுபோய் உலகின் அரசாட்சிகளைக் காட்டினான். மக்களைக் காட்டினான் என்று நற்செய்தி கூறவில்லை. அந்தக் கண்ணாடியருகே நின்றபோது இது எங்கள் நினைவுக்கு வந்தது.

நண்பகலுக்குப் பின் பழைய நகரப் பகுதிக்குச் சென்றோம். 1787இல் எழுந்த அல் ஃபாகிதி கோட்டை அங்கு நிற்கிறது. அருகிலுள்ள பழைய வீடுகளின் மேல் சதுரமான காற்றுக் கோபுரங்கள் காணப்படுகின்றன. மேலே வீசும் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் இவை, மின்சாரம் வருவதற்கு முன் அம்மக்கள் கண்ட குளிர்ச்சி. அங்கிருந்து கடற்கழியைக் கடக்க மரப்படகில் ஏறினோம். கட்டணம் ஒரு திர்ஹம். எதிரும் புதிருமாக அமர்ந்திருந்தவர்களின் முகங்களை இப்போது அருகில் பார்க்க முடிந்தது. வங்காளம், உருது, மலையாளம், தமிழ் எனப் பல மொழிகள் காதில் விழுந்தன. அந்நாட்டில் வாழ்வோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர்.

1966இல் எண்ணெய் வளம் கண்டறியப்படுவதற்கு முன் அந்நகரின் செல்வம் முத்து. நம் முத்துக்குளித்துறை மக்களைப் போலவே அவர்களும் மூச்சடக்கிக் கடலுக்குள் மூழ்கினர். 1930களில் உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து அத்தொழிலை வீழ்த்தின. அத்தொழிலின் மறுபக்கம் கடன். பருவம் தொடங்குமுன் படகுத் தலைவரிடம் முன்பணம் வாங்கிய மூழ்காளர் அதை அடைக்க இயலாமல் மறு பருவமும் மூழ்குவார். தந்தையின் கடன் மகன்மேல் இறங்கியதும் உண்டு. பழங்கதை என்றே இதை எண்ணியிருந்தோம். மாலையில் அந்த இளைஞரைச் சந்திக்கும்வரை.

ஊத் மேத்தா பகுதியில் உள்ள புனித மரியா ஆலயத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. 1967இல், ஆட்சியாளர் ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம் வழங்கிய நிலத்தில் தொடங்கப்பட்ட பங்கு அது. பல மொழிகளில், தமிழிலும், அங்குத் திருப்பலி நிறைவேற்றப்படுகிறது. வளாகத்தில் பல நாட்டு மக்கள் அமைதியாக அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். தொலைவிலிருந்து இரண்டு பேருந்துகள் மாறி வந்திருந்தார் இளைஞர். பொட்டலத்தைப் பிரிக்காமல் முகர்ந்து பார்த்தார். பிறகு, "செண்பகத்தோப்பு அணை நிரம்பிச்சா மாமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

திருப்பலி முடிந்து படியில் அமர்ந்து பேசினோம். வெளிநாட்டு வேலைக்காக முகவர் ஒருவர் அவரிடம் 1,40,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். பதிவு பெற்ற முகவர் பெறத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அரை ஏக்கர் நிலத்தை ஈடு வைத்து, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் பணம் திரட்டினார். மாதம் 4,200 ரூபாய் வட்டிக்கே போகிறது. எஞ்சிய சம்பளம் தங்கையின் திருமணத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் சரியாகிவிட்டது. மூன்று ஆண்டுகளில் கட்டிய வட்டி அசலையும் தாண்டிவிட்டது. அசல் அப்படியே நிற்கிறது. கடன் பாதி அடைந்துவிட்டதாகத் தாய் நம்பிக்கொண்டிருந்தார். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். "நாங்கள் சொல்ல மாட்டோம் தம்பி, நீயே சொல்" என்றோம். அவர் பதில் கூறவில்லை. எங்களை மெட்ரோ நிலையம்வரை வந்து வழியனுப்பிவைத்தார்.

உரோமையில் புனித பேதுரு பெருங்கோவிலின் புனிதக் கதவைக் கடக்கும்போது அவருடைய பெயரைச் சொல்லியே செபித்தோம். யூபிலி என்றால் என்ன என்று லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தை அன்றிரவு மீண்டும் படித்தோம். கைமாறிய நிலம் உரியவருக்குத் திரும்ப வேண்டும். வறுமையால் தம்மையே விற்றவர் விடுதலை பெற்றுத் தம் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். நிலமும் மகனும் வீடு திரும்புவதே யூபிலி. இதை எத்தனையோ முறை வாசகமாகக் கேட்டிருக்கிறோம். ஈடுபோன அரை ஏக்கரையும் திரும்ப இயலாத மகனையும் அறிந்த பிறகு, அது எங்கள் தெருவைப் பற்றியே எழுதப்பட்டதாகத் தோன்றியது.

ஊர் திரும்பியதும் தாயின் மூன்று கேள்விகளுக்கும் உள்ளபடி விடை கூறினோம். சாப்பிடுகிறார், மெலிந்திருக்கிறார், கோயில் தொலைவில் இருப்பதால் மாதம் ஒருமுறை போகிறார். கிறிஸ்து பிறப்பு விழாவன்று தொலைபேசியில் மகனே கடனைப் பற்றிச் சொல்லிவிட்டார். தாய் அழுதார், பிறகு அன்பியக் கூட்டத்தில் எழுந்து அதைத் தாமே எடுத்துரைத்தார். இருவரின் இசைவோடுதான் இதை எழுதுகிறோம்.

அன்பியக் குடும்பங்கள் வட்டியில்லாமல் சிறுசிறு தொகையாகத் தந்து முதலில் அசலின் ஒரு பகுதியை அடைப்பதென்று முடிவாயிற்று. தொகை இன்னும் சேர்ந்து முடியவில்லை. வெளிநாடு செல்ல எண்ணும் இளைஞர் எவராயினும், முகவர் நடுவண் அரசில் பதிவு பெற்றவரா என்று பார்த்து, வாங்கும் பணத்துக்கு இரசீது கேட்ட பிறகே கையொப்பமிட வேண்டும் என்பதை இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறோம். உங்கள் பங்கிலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கும். அவர்களிடம் மகன் எவ்வளவு அனுப்புகிறான் என்று கேட்பதற்கு முன், எப்போது வருகிறான் என்று கேளுங்கள்.

2026 ஜனவரி 6 அன்று உரோமையில் புனிதக் கதவு மூடப்பட்டது. எங்கள் தெருவில் ஒரு வீட்டின் கதவு மட்டும் வரவேண்டியவரை எதிர்நோக்கித் திறந்தே இருக்கிறது. அவர் வந்து சேரும்வரை எங்கள் யூபிலி ஆண்டு முடியாது.