பத்துமலைக்கு அடுத்த ஊர்

பத்துமலை முருகனைக் கும்பிட்டு, கீழே இளநீர் குடித்து, பேருந்து ஏறிக் கோலாலம்பூர் திரும்பிவிடுகிற சுற்றுலாக்காரர்களுக்கு, அந்த மலைக்கு மேற்கே நான்கைந்து கிலோமீட்டரில் ஓர் ஊர் இருப்பதே தெரியாது. தெரிந்தும் பெரிய லாபமில்லை. செலாயாங்கில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு பெரிய அரசு மருத்துவமனை, தலைநகரத்துக்கே காய்கறி அளக்கும் மொத்தச் சந்தை, வரிசை வரிசையாகத் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகள், அடுக்குமாடிகள், அவற்றின் முதுகுக்குப் பின்னால் திடுமென எழுந்து நிற்கும் காடு. அவ்வளவுதான். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்து குடும்பம் நடத்துகிறவனுக்கு இதைவிட ஒத்துவருகிற ஊர் கிள்ளான் பள்ளத்தாக்கில் இல்லை என்பது என் கட்சி. வந்தவர்கள் எல்லாருக்கும் அது ஒரே மாதிரி ஒத்துவருகிறதா என்பது வேறு கேள்வி.

முதலில் எல்லைக் கணக்கு. செலாயாங், சிலாங்கூர் மாநிலத்தின் கோம்பாக் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1974 பிப்ரவரி 1 அன்று சிலாங்கூர் கோலாலம்பூரைக் கூட்டரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, கோடு இந்த ஊரின் ஓரமாக விழுந்தது. 'செலாயாங் பாசார்' என்று ஊரே சொல்லும் மொத்தச் சந்தை கோட்டுக்கு அந்தப் பக்கம், கோலாலம்பூர் மாநகராட்சியின் கையில் இருக்கிறது. அதைத் தாண்டிச் சில சாலை விளக்குகள் போனால் 1997இல் தொடங்கிய செலாயாங் நகராண்மைக் கழகத்தின் எல்லை. வீடு இங்கே, அலுவலகம் தலைநகரில் என்று இருப்பவர்களுக்கு இந்தக் கோடு விடுமுறை நாளில்தான் கண்ணுக்குத் தெரியும். பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம். அன்றைக்குக் கோலாலம்பூரில் வேலை பார்ப்பவர் வீட்டில் கால் நீட்டியிருப்பார். உள்ளூரில் வேலை பார்க்கும் மனைவி கிளம்பிப் போவார். டிசம்பர் 11 சிலாங்கூர் சுல்தானின் பிறந்தநாள். அன்றைக்கு அப்படியே தலைகீழ். இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது தீபாவளி, தைப்பூசம் மாதிரிப் பெரிய நாட்களில்தான்.

இங்கே இருக்கிற எல்லாரும் எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டவர்கள் அல்லது தாமாக வந்து சேர்ந்தவர்கள். ஈயமும் ரப்பரும் முதலில் ஆளை இழுத்தன. 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், காட்டோரம் சிதறிக் கிடந்த சீனக் குடும்பங்களைப் பிரிட்டிஷார் வேலிக்குள் கூட்டிவைத்த புதுக்கிராமங்களில் ஒன்று செலாயாங் பாரு. இன்றைக்கு அந்த வேலி இல்லை. குறுகலான தெருக்களும் மரவீட்டு மிச்சங்களும் இருக்கின்றன. தோட்டங்கள் வீட்டுமனைகளாகிக் கொண்டே வந்தபோது தமிழர்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிவந்தார்கள். பிறகு இந்தோனேசியர், வங்கதேசத்தவர், நேப்பாளிகள், பர்மாக்காரர்கள். கடைசியில் மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களைப் போன்றவர்கள்.

நிறுவனம் அனுப்பிவைக்கும் பொறியாளர்கள் பொதுவாகக் கோலாலம்பூரின் மொண்ட் கியாரா பக்கம் போவார்கள். நீச்சல்குளம், பன்னாட்டுப் பள்ளி, கொரிய மளிகை எல்லாம் அங்கே உண்டு. அங்கே கொடுக்கும் வாடகையில் பாதியைக் கொடுத்தால் செலாயாங்கில் மூன்று அறை வீடு கிடைக்கும். பக்கத்து வீட்டு அம்மா மார்கழியில் வாசலில் கோலம் போடுவார், நோன்புப் பெருநாளுக்கு எதிர்வீட்டிலிருந்து ரெண்டாங் வரும். தோசைக்கும் தேத் தாரிக்கிற்கும் தெரு தாண்ட வேண்டியதில்லை. மருத்துவமனைக் கூடத்தில் வழிகேட்டால் தமிழிலேயே பதில் சொல்ல ஓர் ஆள் எப்படியும் அகப்படுவார்.

அந்த மருத்துவமனை பற்றி ஒரு வார்த்தை. 1999இல் திறந்தபோதே நோயாளிக் குறிப்புகளைக் காகிதத்தில் எழுதாமல் கணினியில் ஏற்றிய மருத்துவமனை அது. மலேசியாவில் அந்த வகையில் முன்னோடி. கல்லீரல் மாற்று அறுவைக்கு நாடு முழுவதிலிருந்தும் இங்கே அனுப்புகிறார்கள். குடிமகனுக்கு வெளிநோயாளிச் சீட்டு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். வெளிநாட்டவருக்கு அதைப்போல் பல மடங்கு. கம்பெனி காப்பீடு வைத்திருப்பவர் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுவார். காப்பீடு இல்லாதவர் காய்ச்சலை மருந்துக்கடையிலேயே தீர்த்துக்கொள்ளப் பார்ப்பார்.

ஊரின் நாடி சந்தையில்தான் இருக்கிறது. வார நாளில் தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்றால் விடியற்காலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். கேமரன் மலையிலிருந்து இறங்கிய லோரிகள் வாய் திறந்து நிற்கும். முட்டைக்கோசுக் கூடைகள் மனிதர் உயரத்துக்கு மேல் அடுக்கப்பட்ட இருசக்கரத் தள்ளுவண்டிகள் 'ஓய்! ஓய்!' என்ற சத்தத்தோடு முழங்காலை உரசிக்கொண்டு போகும். தரை எப்போதும் ஈரம். ரப்பர் செருப்பு போட்டு வந்தவன் புத்திசாலி. மீன் பக்கம் பனிக்கட்டி உடைக்கிற ஓசை. முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழைப்பூ, பச்சைச் சுண்டைக்காய் என்று நம் சமையலுக்கு வேண்டிய அத்தனையும் ஒரு மூலையில் கொட்டிக் கிடக்கும். முதலாளிகள் பெரும்பாலும் சீனர்கள், கணக்கு மலாயில், மூட்டை தூக்குகிறவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது ரொஹிங்யா மொழியில். மூட்டைக் கணக்கில் விற்கிற இடம்தான் என்றாலும், ஓரமாகச் சில்லறைக்குக் கொடுப்பவர்கள் உண்டு.

2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. சில நாட்களில் இங்கே விலை ஏறிவிட்டது. நான் வாடிக்கையாக வாங்கும் அக்காவிடம், "என்னக்கா, வெங்காயம் இப்படி ஏறிப்போச்சு?" என்றேன். "கதவை அடைச்சது உங்க ஊர்க்காரங்க தம்பி. என்கிட்ட கேட்டா நான் என்னா செய்றது?" என்று சொல்லி நிறுத்துப் போட்டார். அடுத்த மே மாதம் தடை நீங்கியபோது அவரே கூப்பிட்டு இரண்டு கிலோ எடுத்துப் போகச் சொன்னார்.

இனி வார இறுதி. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் வேலை பார்க்கும் என் கல்லூரிச் சேக்காளிகள் வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறிச் சனிக்கிழமை காலை வேறொரு நாட்டில் காப்பி குடித்துப் படம் போடுகிறார்கள். ஒரே விசாவில் பல நாடுகள் அவர்களுக்கு. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான்கு மணிநேரம் ஓட்டினால் சிங்கப்பூர் பாலம் வரும், அங்கே தனி விசா. ஆனால் செலாயாங்கில் இருப்பவன் வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் மழைக்காட்டுக்குள் நிற்கலாம். மத்தியதரைக்கடல் ஓர ஊர்களில் இருப்பவர்களால் இது முடியாது.

பழைய ரவாங் சாலையில் வடக்கே போனால் கஞ்சிங் அருவி. ஏழு அடுக்கு. முதல் இரண்டு மூன்று அடுக்கு வரை பாட்டிமார்கூட ஏறலாம்; அங்கேயே பாய் விரித்து, கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரிக்கிற குடும்பங்களைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் கேட்டால் மரத்திலிருந்து குரங்குகள் இறங்கிவிடும் என்பதால் துணிப்பை நல்லது. மேல் அடுக்குகளுக்குப் போகப் பாறையில் கால் பழகியிருக்கவேண்டும். இந்தக் காட்டில் கஞ்சிங் கியாம் என்றொரு மரம் உண்டு; உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. ரவாங் நெரிசலைக் குறைக்கப் புறவழிச்சாலை போட்டபோது, காட்டை முடிந்தவரை வெட்டாமல் பள்ளத்தாக்கின்மேல் தூண் நட்டுப் பாலமாகவே கொண்டுபோனார்கள். 2017இல் திறந்த அந்தப் பாலத்தில் போகும்போது மர உச்சிகள் சாலைக்குக் கீழே தெரியும். வளர்ச்சி என்ற பெயரில் மலையைக் குடைந்தே பழகிய கண்களுக்கு அது ஆறுதல்.

அதே பக்கம் டெம்ப்ளர் பூங்கா, அவசரகாலத்தின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜெரால்டு டெம்ப்ளர் பெயரில். அருகே புக்கிட் தாக்குன் என்ற சுண்ணாம்புப் பாறை தனியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

எனக்குப் பிடித்த இடம் தெற்கே, கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையம். 1920களில் ஈயம் தோண்டி மொட்டையாகிப் போன நிலத்தில் மரம் நடத் தொடங்கினார்கள். 1929இல் நிலையம் அமைந்தது. நூறாண்டுக்குள் மனிதன் நட்டு எழுப்பிய மழைக்காடு என்பதற்காகவே 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உள்ளே கபூர் மரங்கள் நிற்கும் இடத்தில் அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் இலை அடுத்த மரத்தைத் தொடாமல் நடுவில் வாய்க்கால்போல் வானம் தெரியும். படம் எடுப்பவர்கள் எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். அந்த மரம் நமக்குப் புதிதல்ல. பச்சைக் கற்பூரம் எடுத்த மரம் அதுதான். அந்தக் கற்பூரத்துக்குப் பேர்போன சுமாத்திராவின் பாரூஸ் கரையில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் வைத்தது. வேலைக்காகக் கடல் தாண்டிய தமிழன் கதை ரப்பரோடு தொடங்கவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல நிழல் கிடைக்காது.

நாள் முழுக்க ஒதுக்கினால் தூரம் போகலாம். டெம்ப்ளர் பூங்கா அருகே தொடங்கும் நெடுஞ்சாலை கோல சிலாங்கூர் பக்கம் கொண்டுபோய் விடும். மாலையில் மலாவாத்தி குன்றில் குரங்குகள், இருட்டியபின் கம்போங் குவாந்தான் ஆற்றில் படகேறி மின்மினி. வடக்கே போனால் 1883இல் அணை உடைந்து அழிந்த பழைய ஊருக்குப் பதில் எழுந்த கோலகுபு பாரு. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை பிரேசர் மலைக்கு. 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக்கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். இப்போது அந்த வளைவுகளில் சைக்கிள்காரர்களும் பறவை பார்ப்பவர்களும். சாமான் வாங்கவேண்டிய சனிக்கிழமையில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் போதும். புடவை, பூ, வெற்றிலை, ஊர்ப் பத்திரிகை என்று எல்லாம் ஒரே தெருவில் முடியும். தீபாவளிக்கு முன்னால் கிள்ளான் தெங்கு கிளானா சாலை. நெரிசல் பிடிக்கிறவர்களுக்கு மட்டும்.

தைப்பூசத்துக்கு எங்கும் போகவேண்டியதில்லை. கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலை மகாமாரியம்மன் கோவிலிலிருந்து புறப்படும் வெள்ளித் தேர் ஈப்போ சாலை வழியாகப் பத்துமலைக்கு வரும். வழியெங்கும் தேங்காய் உடைப்பார்கள். 1892 முதல் நடக்கிற விழா. வெளியூர்க்காரர்கள் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய, செலாயாங்வாசிகள் பால்குடத்தோடு வீட்டிலிருந்தே நடக்கிறார்கள்.

இதெல்லாம் சட்டைப் பையில் சரியான காகிதம் உள்ளவர்களின் வார இறுதி. எங்கள் தெருமுனை உணவகத்தில் தோசை ஊற்றுகிற தம்பிக்குப் புதுக்கோட்டைப் பக்கம். வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. கடையில் அவருக்கு வாய்ப்பது மாதத்தில் இரண்டு நாள். ஒருநாள் தூக்கத்துக்கு, ஒருநாள் துணி துவைத்து ஊருக்குப் பணம் போட. கடவுச்சீட்டை முதலாளிமார் வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம், வழக்கத்தில் சகஜம். அவர் கையில் இருப்பது நகல். "பத்துமலை வரைக்கும் போவேண்ணே. அதுக்கு அங்கிட்டு ரோட்ல போலீஸ் நின்னா என்னத்தக் காட்டுறது?" என்கிறார். கஞ்சிங் அருவியை அவர் என் கைபேசியில்தான் பார்த்திருக்கிறார்.

சந்தையில் மூட்டை தூக்கும் ரொஹிங்யாக்களுக்கு அந்த நகல்கூடக் கிடையாது. ஐ.நா. அகதி அட்டை சிலரிடம் உண்டு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை என்பதால் அந்த அட்டை அவர்களுக்கு வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. 2020 ஏப்ரலில் கொரோனா பரவியபோது சந்தையைச் சுற்றிய தெருக்களை முள்கம்பி போட்டு அடைத்தார்கள். அடுத்த மாதம் குடிநுழைவுத் துறையின் சோதனைகளும் நடந்தன. காய்கறி ஊருக்கு வரவேண்டும், கொண்டுவருகிற ஆள் மட்டும் கண்ணில் படக்கூடாது என்பது நியாயமில்லை. அன்றைக்கு மொண்ட் கியாராவில் சாம்பார் வைத்தவர்கள் வீட்டுக்கும் கத்தரிக்காய் இந்தச் சந்தை வழியாகத்தான் போனது.

வீடு பார்க்க வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஊருக்குள் ரயில் கிடையாது. பக்கத்தில் இருப்பவை தாமான் வாயூ, பத்துமலை கோமுட்டர் நிலையங்கள். வண்டிக்கு அரை மணியும் அதற்கு மேலும் காத்திருக்க நேரும். கம்போங் பத்துவில் எம்ஆர்டி பிடிக்கலாம், ஆனால் அதுவரை போக ஒரு வண்டி வேண்டும். காலை ஏழு மணிக்கு ஈப்போ சாலையும் இரண்டாம் நடுவட்டச் சாலையும் நகராது. ஆகவே கார் ஓட்டாதவர்கள் நிலையத்துக்குப் பக்கத்தில் வேறு ஊர் பாருங்கள். ஓட்டுகிறவர்கள் தாராளமாக வாருங்கள். அருவிக்குப் போவதானால் காலையிலேயே போய்விட்டு, பிற்பகல் மழை பிடிப்பதற்குள் இறங்கிவிடுங்கள். மேலே மழை கொட்டினால் கீழே தண்ணீர் சொல்லாமல் ஏறும். முடிந்தால் அந்தத் தோசைத் தம்பியின் ஓய்வு நாளைக் கேட்டுவைத்துக்கொண்டு, அவரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.