எந்த சவுண்ட் கார்டு நல்லது?

பழைய கணினி ஒன்றைத் தேடிப்பிடித்து மறுபடி ஓட வைப்பவர்களுக்குப் பெரிய குழப்பம் எங்கே வரும் தெரியுமா? பிராசஸரிலோ மெமரியிலோ இல்லை, சவுண்ட் கார்டில்தான்! சிங்கப்பூரில் வசிக்கும் தமிழர் ஒருவருக்கும் அதுதான் நேர்ந்தது.

1994-ல் அவருக்குப் பத்து வயது. அப்பா சிம் லிம் ஸ்கொயரில் வாங்கி வந்த 486 கணினியில் அவரும் அக்காவும் முறை வைத்து 'டூம்' விளையாடுவார்கள். பிறகு அந்தக் கணினி பழைய சாமான் எடுக்கும் கராங்குனிக்காரரிடம் போய்விட்டது. அப்பா காலமான பின், அதே போல் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

கொஞ்சம் பழைய கதை. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் 'பீப்' அடிக்கும் ஸ்பீக்கர் மட்டுமே இருந்தது. 1987-ல் கனடாவின் ஆட்லிப் கார்டு வந்தது. அதிலிருந்த யமஹா சிப் ஒன்பது குரல்களில் இசைத்தது. பதிவு செய்த வாத்திய ஒலி எதுவும் அதில் இல்லை. ஓர் அலையை இன்னோர் அலையால் மாற்றி ஓசையை உருவாக்கும். இதற்கு எஃப்எம் முறை என்று பெயர். 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் அதே சிப்போடு, பதிவு செய்த ஒலியையும் இசைக்கும் வசதி சேர்த்து சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. விளையாட்டில் துப்பாக்கிச் சத்தமும் மனிதக் குரலும் கேட்டன! 1992-ல் சவுண்ட் பிளாஸ்டர் 16 வந்தது. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிம் வோங் ஹூ 2023-ல் மறைந்தார்.

புதியதுதானே நல்லதாக இருக்கும் என்று அவர் 1996-ஆம் வருட ஏடபிள்யூஇ64 கார்டை வாங்கினார். நிஜ வாத்தியங்களின் பதிவுகள் அதில் உண்டு. டூமைப் போட்டால் கிடார் கிடார் மாதிரியே ஒலித்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம வீட்டுல கேட்டது இது இல்லடா."

செட்டப்பில் போய் சாதாரண சவுண்ட் பிளாஸ்டர் என்று மாற்றினார். அப்போதும் ஒட்டவில்லை. காரணம், அந்தக் கார்டில் யமஹா சிப் கிடையாது. கிரியேட்டிவின் சொந்த நகல்தான் இருந்தது. இசையில் ஓர் உலோக வாடை.

இன்னொரு சிக்கலும் உண்டு. டூமின் இசையை பாபி பிரின்ஸ் மிடியில் அமைத்தார். 1991-ல் வந்த ரோலண்ட் எஸ்சி-55 பெட்டியை இணைத்துக் கேட்டால் அது இன்னும் செழுமையாக ஒலிக்கும். அப்படியானால் எது சரியான டூம்? அந்த விலையுயர்ந்த பெட்டியில் ஒலிப்பதா, இரண்டு பிள்ளைகள் வீட்டில் கேட்டதா?

அவர் பிள்ளைகள் பக்கம் நின்றார். யமஹாவின் எஃப்எம் உள்ள பழைய சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒன்றைத் தேடி எடுத்தார். நீங்களும் தேடுவதாக இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். சவுண்ட் பிளாஸ்டர் 16 எல்லாம் ஒன்றல்ல, பிற்கால ரகங்கள் சிலவற்றில் யமஹா இல்லை. சில ரகங்களில் வெளி மிடி பெட்டியை இணைத்தால் ஸ்வரம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். டாஸ் விளையாட்டுகளுக்கு பிசிஐ கார்டை விட ஐஎஸ்ஏ கார்டுதான் தொல்லை தராது. எல்லாவற்றுக்கும் முன்னால், எந்த விளையாட்டுக்காக வாங்குகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மறுபடி வந்தார். முதல் கட்டத்தின் இசை தொடங்கியதும் சட்டென்று கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா இப்ப வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லுவாருடா."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. சத்தத்தைக் குறைக்கவும் இல்லை.