பள்ளி மறுக்கப்பட்ட பிரபுவின் மகள்

பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுகின்ற பிள்ளைகளை எல்லா ஊரும் அறியும். பள்ளிக்கு அனுப்புங்கள் என்று அழுதும் அந்தப் பேறு கிட்டாத பிள்ளைகள் ஏழைக் குடில்களில் உண்டு. அத்தகைய பிள்ளை ஒன்று இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகையிலும் வளர்ந்தது.

ஜெசிக்கா மிட்ஃபோர்டு 1917-ஆம் ஆண்டில் ரெட்ஸ்டேல் பிரபுவுக்கு ஐந்தாம் பெண்ணாகப் பிறந்தார். ஒரே ஆண்மகனான டாம் புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியில் பயின்றான். ஜெசிக்காவுக்கோ தாயாரும் வீட்டாசிரியைகளும் கற்பித்ததே போதும் என்று பெற்றோர் கருதினர். ஒருநாள் அச்சிறுமி தானே மிதிவண்டியில் ஏறிப் பர்ஃபோர்டு என்னும் ஊரிலிருந்த பள்ளிக்குச் சென்று தலைமையாசிரியரைக் கண்டாள். எளிய தேர்வொன்றில் தேறினால் சேர்த்துக்கொள்வதாக அவர் கூறினார். துணையின்றி வந்து நின்ற குழந்தையை விரட்டாமல் விசாரித்த அந்தப் பெருந்தகை பாராட்டுக்குரியவர். ஆனால், துள்ளிக்கொண்டு வீடு திரும்பிய மகளுக்குத் தாய் தந்த விடை, "கூடாது" என்பதே. அந்த ஆறாத மனக்குறையைப் பிற்காலத்தில் தன் வரலாற்று நூலிலும் அவர் எழுதி வைத்தார்.

ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் அவள் வங்கியொன்றில் ஒரு கணக்குத் தொடங்கினாள். வீட்டை விட்டு ஓடுவதற்கான கணக்கு என்றே அதற்குப் பெயரிட்டாள்! வங்கியாரும் அப்பெயரை ஏற்றுப் பணிவுடன் மறுமொழி அனுப்பினர். செல்வர் வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு என்று அன்று எவரும் நகைத்திருப்பர். அஃது விளையாட்டன்று என்பது பின்னர்த் தெரிந்தது.

குடும்பமோ அரசியலால் பிளவுண்டது. அக்காள் டயானா பாசிசத் தலைவர் மோஸ்லியை மணந்தார். மற்றோர் அக்காள் யூனிட்டி இட்லரைத் தெய்வமாகப் போற்றினார். யூனிட்டியும் ஜெசிக்காவும் பகிர்ந்துகொண்ட அறையின் சாளரக் கண்ணாடியில் ஒருத்தி சுவத்திகச் சின்னத்தையும் மற்றவள் அரிவாள் சுத்தியலையும் கீறினர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

1937-இல், தம் பத்தொன்பதாம் வயதில், எஸ்மண்ட் ரோமிலி என்னும் இளைஞருடன் ஜெசிக்கா உள்நாட்டுப் போர் மூண்டிருந்த ஸ்பெயினுக்கு ஓடினார். எஸ்மண்ட், சர்ச்சிலுடைய துணைவியாரின் தங்கை மகன். அரசாங்கம் போர்க்கப்பல் வழியாக அழைத்தும் மகள் வீடு திரும்பவில்லை. இருவரும் பிரான்சில் மணம் புரிந்துகொண்டனர். தந்தை அதன்பின் அவர் முகத்தைக் காணவேயில்லை.

இலண்டனில் கப்பல்துறைத் தொழிலாளர் வாழும் ரோதர்ஹைத் பகுதியில் இளந்தம்பதியர் குடியேறினர். அங்கே தட்டம்மை பரவிற்று. தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்குத் தாயிடமிருந்தே தடுப்பாற்றல் கிடைத்துவிடும் என்று மருத்துவ நிலையச் செவிலியர் தேறுதல் கூறினர். சிறுவயதில் தட்டம்மை வாராத தாயும் இருக்கக்கூடும் என்று அவர்கள் எண்ணவில்லை. பள்ளி காணாமல் மாளிகைக்குள் வளர்ந்த ஜெசிக்காவுக்கு அந்நோய் வந்ததேயில்லை. தாயும் சேயும் நோயுற்றனர். 1938-இல், ஐந்து மாதமே நிறைந்த ஜூலியா மாண்டாள். உயர்குடி வாழ்வு ஒரு பெண்ணுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடாமல் விட்டது என்று கணக்கிடுவோர் அந்தச் சின்னஞ்சிறு சாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1939-இல் அமெரிக்கா சென்றனர். கனடிய விமானப் படையில் சேர்ந்த எஸ்மண்ட் 1941-இல் வட கடலின்மீது பறந்தபோது மறைந்தார். ஜெசிக்கா 1943-இல் வழக்கறிஞர் இராபர்ட் டிரூகாப்ட்டை மணந்து ஓக்லாந்து நகரில் வாழ்ந்தார். பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்தார். வில்லி மெக்கீ என்னும் கறுப்பினத்தவரை மரணத்திலிருந்து மீட்க 1951-இல் வெள்ளைப் பெண்கள் சிலருடன் மிசிசிப்பி வரை சென்றார். முயற்சி பலிக்கவில்லை, அவ்வாண்டே மெக்கீ கொல்லப்பட்டார்.

1958-இல் அவர் கட்சியை விட்டு விலகினார். எழுத்தாளராக அவர் பிறந்ததும் அக்காலத்தில்தான். தொழிலாளர் இறந்தால் குடும்பத்துக்குச் சேரவேண்டிய உதவித்தொகை முழுவதும் ஈமச்சடங்கு நிறுவனங்களின் பைக்குள் போவதைக் கணவர் கண்டு சொன்னார். அத்தொழிலாரின் இதழ்களையே அவர் வரவழைத்துப் படித்தார். துயரத்தில் கலங்கிய மனைவிக்கு விலைமிக்க சவப்பெட்டியை எவ்வாறு விற்பது என்பது போன்ற நுட்பங்கள் அவற்றில் ஒளிவுமறைவின்றி இருந்தன. அவர்கள் சொற்களையே அவர்களுக்கு எதிரான சாட்சியாக்கினார். பிணத்தைப் பதப்படுத்தும் முறையை விவரித்த பகுதி பதிப்பாளரை அஞ்ச வைத்தது. ஆசிரியரோ அதை நீக்க மறுத்து வேறு பதிப்பகத்தை நாடினார். 1963-இல் 'அமெரிக்க வழிச் சாவு' என்று பொருள்படும் தலைப்புடன் வெளிவந்த அந்நூல், விற்பனையில் முதலிடம் பெற்றது. ஈமச்சடங்கின் ஒவ்வொரு செலவையும் தனித்தனியே தெரிவிக்க வேண்டும் என்னும் விதி 1984-இல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. சினத்தைச் சிரிப்பாக்கி எழுதும் வன்மை அவருக்கு இருந்தது. சினத்தோடு மட்டும் எழுதியிருந்தால் பத்துப் பேர் படித்திருப்பர்.

1973-இல் சான் ஓசே பல்கலைக்கழகம் அவரைச் சிறப்புப் பேராசிரியராக அழைத்தது. பள்ளி செல்லத் தாய் தடுத்த சிறுமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆயினும் வேலைக்குக் கைரேகை பதிக்க வேண்டும் என்றபோது மறுத்து நீதிமன்றம் வரை சென்றார். மாணவர்கள் வகுப்புக்கு வந்துகொண்டேயிருந்தனர்.

1996-ஆம் ஆண்டு சூலை மாதம், புற்றுநோயால் அவர் காலமானார். உடல் எரியூட்டப்பட்டுச் சாம்பல் கடலில் தூவப்பட்டது. இறுதிச் சடங்குக்கு ஆன செலவு 533 டாலர் 31 காசு.